மீண்டு வந்த குளமும் மக்கள் பிரதிநிதியின் கடமையும்

ஹப்சிகுடாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், "நாம் பிழைக்க வந்தவர்கள், ஊர் விவகாரம் நமக்கு எதற்கு?" என்று ஒருமுறையேனும் சொல்லாதவர் மிகச் சிலரே. வீடு, அலுவலகம், குழந்தைகளின் படிப்பு, மார்கழி பஜனை, தைப்பொங்கல் விழா என்று நமது வாழ்க்கை ஒரு வட்டத்துக்குள் சுழன்று நிறைவு பெற்றுவிடுகிறது. நமது தொகுதியின் சட்டசபை உறுப்பினர் யார் என்று கேட்டால், தேர்தல் சுவரொட்டியில் கண்ட முகத்தை நினைவுகூர்வதற்குள் பலருக்கும் காப்பி ஆறிப்போய்விடும். தெருமுனைக் காலி மனை யாருடையது, பூங்காவின் வேலி ஏன் ஓரடி உள்ளே வந்திருக்கிறது என்பனவெல்லாம் உள்ளூரார் கவலை என்று ஒதுக்கிவிடுவோம்.

இந்த ஒதுக்கம் நமக்கு எத்துணைச் செலவு வைக்கும் என்பதை 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 13ஆம் நாள் இரவு கற்றுக் கொடுத்தது. அன்று காலை முதல் மறுநாள் காலை வரை பேகம்பேட்டையில் ஏறத்தாழ 19 சென்டிமீட்டரும், நமக்குக் கிழக்கே கட்கேசரைச் சார்ந்த பகுதியில் 32 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. ராமந்தப்பூர் ஏரிகள் நிரம்பி வழிந்தன. ஹப்சிகுடாவின் எட்டாம் வீதியும் அதனை அடுத்த தாழ்ந்த பகுதிகளும் நாட்கணக்கில் நீரில் நின்றன. நவராத்திரிக்கு இன்னும் நான்கே நாட்கள். எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவரின் இல்லத்தில், கொலுவுக்காகப் பரணிலிருந்து இறக்கித் தரையில் வைத்திருந்த பொம்மைப் பெட்டிகளை வெள்ளம் சூழ்ந்தது. அவருடைய தாயார் கும்பகோணத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த தசாவதாரச் செட்டு அது. மண் பொம்மைகள் மீண்டும் மண்ணாயின. காப்புறுதி நிறுவனத்தாரிடம் அவற்றுக்கு என்ன மதிப்புச் சொல்வது?

நீர் வழி தவறி நம் வீட்டுக்குள் வந்துவிட்டதாக அன்று எல்லோரும் பேசிக்கொண்டோம். சற்று ஆராய்ந்து பார்த்தால், நீர் தனது பழைய வழியிலேயே வந்தது என்பதும், வழி தவறியவர்கள் நாமே என்பதும் விளங்கும்.

தொடர் ஏரிகளின் தேசம்

தெலங்கானாவின் நில அமைப்பு நம் தென்மாவட்டங்களின் அமைப்பை ஒத்தது. பாறைப் பாங்கான மேட்டு நிலம். வற்றாத ஆறு அருகில் இல்லை. மழையைத் தேக்கியே வாழ வேண்டும். ஆகவே காகதியர் காலம் தொட்டு இங்கே ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைக்கப்பட்டன. மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியே கீழேரிக்கு நீர் போகும்; அது நிரம்பினால் அடுத்ததற்கு; இறுதியில் மூசி நதிக்கு. ராமநாதபுரத்துக் கண்மாய்களைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சங்கிலியின் ஒரு கண்ணியை எடுத்துவிட்டால், அந்தக் கண்ணி தாங்க வேண்டிய நீர் முழுவதும் தெருவில் இறங்கும்.

நிஜாம் காலத்து வருவாய்க் கணக்கில் ஏரி உள்வாய் நிலத்துக்கு 'ஷிகம்' என்று பெயர். மற்றப் பொது நிலங்களைக் குறிக்கத் தெலுங்கு ஆவணங்களில் 'போரம்போக்கு' என்ற சொல் வழங்குகிறது. நமது 'புறம்போக்கு' என்ற சொல்லே அது. வேறொரு பொருளும் நம்மிடமிருந்து இங்கு வந்திருக்கிறது. பொது நிலத்தை ஆக்கிரமிப்போரை வெளியேற்றுவதற்காக 1905ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் இயற்றிய 3ஆம் எண் சட்டமே, பின்னர் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் வந்து, இன்றும் தெலங்கானா நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்ற பெயரில் வழக்கில் இருக்கிறது. நம்மைப் போலவே சென்னையிலிருந்து குடியேறி இவ்வூரில் நிலைபெற்றுவிட்ட சட்டம் என்று அதனைச் சொல்லலாம். அது இவ்வூர்ப் பொது நிலத்தைக் காக்கும்போது, நாம் மட்டும் விருந்தினர்போல் திண்ணையில் அமர்ந்திருப்பது முறையா?

புதருக்குள் ஒரு குளம்

ஹப்சிகுடாவிலிருந்து தார்நாகா, வித்யாநகர் வழியாகச் சென்றால் பாக் அம்பர்பேட்டை வரும். அங்கே 'பதுகம்மா குண்டா' என்று ஒரு குளம். குண்டா என்பது நம் குட்டை. பதுகம்மா என்பது இந்நாட்டுப் பெண்களின் மலர்த் திருவிழா. புரட்டாசி அமாவாசை தொடங்கி ஒன்பது நாட்கள், ஆவாரம்பூ முதலான காட்டு மலர்களைக் கோபுரம்போல் அடுக்கி, அதைச் சுற்றி வந்து பாடி, முடிவில் நீரில் விடுவார்கள். நம் ஊர்களில் முளைப்பாரியைக் குளத்தில் கரைக்கும் வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முளைப்பாரிக்குக் குளம் எவ்வளவு இன்றியமையாததோ, பதுகம்மாவுக்கும் அவ்வளவு இன்றியமையாதது. பெயரிலேயே விழாவைத் தாங்கிய அந்தக் குளத்தில், பூ விடுவதற்கு நீர் இல்லாமற் போயிற்று.

1962-63ஆம் ஆண்டு நில ஆவணங்களின்படி அக்குளத்தின் பரப்பு 14 ஏக்கருக்குச் சற்று மேல். காலப்போக்கில் கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மேலே புதர் மண்டியது. ஓரங்களில் வீடுகள் எழுந்தன. கடைசியில் எஞ்சியது 5 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட மேட்டு நிலமே. அதற்கும் தனியார் உரிமை கோரி வழக்காடினர். புதிதாகக் குடிவந்தவர்கள் அதைப் பார்த்து, "இங்கே எங்கே குளம் இருந்தது?" என்று கேட்கும் நிலை வந்துவிட்டது.

ஒரு குளம் சாவது இவ்வாறுதான். முதலில் வரத்துக்கால் அடைபடும். பிறகு குப்பை வரும். குப்பைமேல் மண் வரும். மண்மேல் கம்பிவேலி வரும். வேலிமேல் பெயர்ப்பலகை வரும். இறுதியில் அந்த இடம் குளமாக இருந்ததைப் பார்த்த கிழவர்களும் மறைந்துவிடுவார்கள். அவர்கள் மறைவதற்குள் யாராவது ஒருவர் அதை உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

பதுகம்மா குண்டாவின் வகையில் அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்தவர்களில் முன்னணியில் நின்றவர் காங்கிரஸ் கட்சியின் மூத்த தலைவர் வி. ஹனுமந்த ராவ். 'வி.ஹெச்.' என்று ஹைதராபாத் முழுவதும் அறியப்பட்டவர். ராஜ்ய சபையில் மூன்று முறை அங்கம் வகித்தவர். அம்பர்பேட்டைப் பகுதியோடு நெடுங்காலத் தொடர்புடையவர். அவருடைய ராஜ்ய சபைப் பதவிக்காலம் 2016ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. ஆயினும், இது குளம், இதை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் அதிகாரிகளிடமும் அரசாங்கத்திடமும் வற்புறுத்துவதை விடவில்லை. பதவி போனதும் தொகுதியின் முகவரியையே மறந்துவிடும் அரசியல்வாதிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும்.

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் தெலங்கானா அரசாங்கம் 'ஹைட்ரா' என்ற புதிய முகமையை ஏற்படுத்தியது. ஏரிகள், பூங்காக்கள், நாலாக்கள், பிற அரசு நிலங்கள் ஆகியவற்றைக் காப்பதும், பேரிடர்க் காலத்தில் உதவுவதும் அதன் பணி. வெளிவட்டச் சாலை வரையுள்ள பகுதி அதன் எல்லை. காவல்துறை உயர் அதிகாரி ஏ.வி. ரங்கநாத் அதன் ஆணையராக நியமிக்கப்பட்டார். மீட்டெடுப்பதற்கென முதற்கட்டமாகத் தேர்ந்த ஆறு நீர்நிலைகளில் பதுகம்மா குண்டாவும் ஒன்று. நமது உப்பல் நல்ல செருவும் ஒன்று.

2024 நவம்பரில் ஆணையர் குளத்தைப் பார்வையிட வந்தபோது சுற்றிலும் குடியிருந்த மக்கள் கலங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள். அங்கே இருக்கும் வீடுகளை இடிக்கப் போவதில்லை என்றும், எஞ்சியுள்ள நிலத்தில் மட்டும் குளத்தை மீட்கப் போவதாகவும் அவர் உறுதி கூறினார். 2025 பிப்ரவரியில் இயந்திரங்கள் மண்ணைத் தோண்டத் தொடங்கின. சில அடி ஆழம் சென்றதுமே நீர் ஊறி வந்தது. குழாய் உடைந்து வந்த நீர் என்று சிலர் ஐயுற்றனர். சோதித்துப் பார்த்து நிலத்தடி நீரே என்று அதிகாரிகள் அறிவித்தனர். ஒரு தலைமுறைக் காலம் இடிபாடுகளுக்கு அடியில் மூச்சடக்கிக் கிடந்த குளம், "நான் இன்னும் இருக்கிறேன்" என்று சொன்னதுபோல் அவ்வூரார் அதனைக் காண ஓடிவந்தார்கள்.

2025 செப்டம்பர் 28ஆம் நாள், பதுகம்மா விழா நாட்களிலேயே, முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி அக்குளத்தைத் திறந்து வைத்தார். பெண்கள் மலர்க் கோபுரங்களோடு வந்தார்கள். பூ விட நீர் இருந்தது.

அதே செப்டம்பர் 28

அந்தத் தேதியைப் படித்தபோது பழைய ஹைதராபாத்தின் வரலாறு அறிந்தவர்கள் ஒரு கணம் திகைத்திருப்பார்கள். 1908ஆம் ஆண்டு இதே செப்டம்பர் 28ஆம் நாள்தான் மூசி நதி பெருக்கெடுத்து நகரத்தை அழித்தது. இறந்தோர் ஏறத்தாழ 15,000 பேர் என்று மதிப்பிடுவர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலுள்ள புளியமரத்தின் மேல் ஏறி 150 பேர் உயிர் தப்பினர் என்று இன்றும் சொல்வார்கள். அப்பெருவெள்ளத்துக்குக் காரணங்களில் ஒன்று, மேற்புறத்துச் சிற்றேரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்ததேயாகும். அதன் பிறகே நிஜாம் அரசாங்கம் மைசூர்ப் பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவருடைய ஆலோசனையின் பயனாக உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் 1920களில் எழுந்தன.

பேரழிவு வந்த பின் பொறியாளரை அழைப்பது ஒரு முறை. அழிவு வருமுன் சிறு குளங்களைக் காப்பது மற்றொரு முறை. பின்னது செலவு குறைந்தது. ஆனால் பெருமை குறைந்ததாக எண்ணப்படுவதால் அதைச் செய்வோர் அரியர். நம் தாய்நாட்டிலும் இதே கதைதான். மயிலாப்பூரின் நெடிய ஏரியைத் தூர்த்தே தியாகராய நகரம் பிறந்தது. நுங்கம்பாக்கத்து ஏரி 'லேக் ஏரியா' என்ற பெயரில் மட்டும் வாழ்கிறது. மதுரையில் உயர்நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாயில் எழுந்தது. 2015 டிசம்பரில் சென்னை நீரில் மிதந்தபோது, ஏரிகளின் பழைய பெயர்களை நாம் மீண்டும் படிக்கத் தொடங்கினோம்.

கதையின் மறுபக்கம்

பாராட்டு மட்டும் எழுதினால் இக்கட்டுரை விழா மலராகிவிடும். ஆகவே மறுபக்கத்தையும் சொல்வது கடமை.

பதுகம்மா குண்டாவின் வழக்குகள் திறப்பு விழாவோடு முடிந்துவிடவில்லை. நிலத்துக்கு உரிமை கோருபவர், நீதிமன்ற ஆணையை மீறிப் பணி நடந்தது என்று முறையிட்டார். ஆணையர் 2025 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் முன் நேரில் வந்து நிற்க நேர்ந்தது. அதற்கும் முன்பே, அமீன்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று கட்டடம் ஒன்றை இடித்ததற்காக, 2024 செப்டம்பர் 30ஆம் நாள் உயர்நீதிமன்றம் அம்முகமையைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. விடுமுறை நாளில் அவசரமாக இடிப்பது ஏன், வீட்டுக்காரருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல அவகாசம் கொடுத்தீர்களா என்பதே அக்கேள்வியின் சாரம். நியாயமான கேள்வி. குளத்தைக் காக்க வந்த கை, சட்டத்தின் கரையை உடைத்துவிடலாகாது.

மேலும், பொது நிலத்தை விழுங்க வருபவர் எப்போதும் தனியாரே என்று எண்ணுவதும் தவறு. 2025 மார்ச் மாத இறுதியில், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்தை அடுத்த கஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலத்தை விற்பனைக்கென்று அரசாங்கமே திருத்தத் தொடங்கியது. மரங்கள் சாய்ந்தன, மாணவர்கள் எதிர்த்தனர். ஏப்ரல் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து மரம் வெட்டுதலைத் தடுத்து நிறுத்தியது. ஒரு பக்கம் 5 ஏக்கர்க் குளத்தை மீட்ட அதே ஆண்டில், மறுபக்கம் 400 ஏக்கர்க் காட்டைப் பற்றிய இந்த வழக்கு. இரண்டையும் சேர்த்து நோக்கினால்தான் உண்மை தெரியும். கட்சி எதுவாயினும், ஆட்சி யாருடையதாயினும், விழித்திருக்கும் குடிமக்களும் அவர்கள் குரலை ஏற்றுப் பேசும் பிரதிநிதியும் இல்லாவிடில் பொது நிலத்துக்குக் காவல் இல்லை.

ஏழைகளின் வீடு பற்றியும் ஒரு சொல். நீர்நிலை ஓரத்தில் குடிசை போட்டவனுக்கு வேறிடம் கிடையாது; அதே ஓரத்தில் பல அடுக்கு மாளிகை கட்டி விற்றவனுக்கு எல்லா இடமும் உண்டு. இருவரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. பதுகம்மா குண்டாவில் இருந்த வீடுகளை விட்டுவிட்டு எஞ்சிய நிலத்தைக் காத்தது அரை வெற்றிதான். 14 ஏக்கரில் 5 ஏக்கரே மீண்டது. ஆயினும் எவர் வீட்டு அடுப்பையும் அணைக்காமல் கிடைத்த அரை வெற்றி அது என்பதனால், அதன் மதிப்பு உயர்கிறது.

பிரதிநிதியின் அதிகாரம் எவ்வளவு?

"எம்.எல்.ஏ. நினைத்தால் நடக்காதா?" என்று நம்மவர் சொல்வதுண்டு. அவர் நினைத்தால் மட்டும் நடக்காது; அவர் நினையாவிட்டால் நடப்பது மிகக் கடினம். இரண்டுக்கும் நடுவிலே இருக்கிறது உண்மை.

ஹப்சிகுடா உப்பல் சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது. 2009ஆம் ஆண்டுத் தேர்தலில் புதிதாக உருவான தொகுதி இது. அன்று தொடங்கி நான்கு பொதுத் தேர்தல்களில் காங்கிரஸ், பாரதிய ஜனதா, தெலங்கானா ராஷ்டிர சமிதி ஆகிய கட்சிகளின் வேட்பாளர்களை மாறி மாறித் தேர்ந்தெடுத்திருக்கிறது. 2023 நவம்பர் 30ஆம் நாள் நடந்த தேர்தலில் பாரத ராஷ்டிர சமிதியின் பண்டாரி லட்சுமா ரெட்டி வெற்றி பெற்றார். 119 பேர் கொண்ட சட்டசபையில் அவர் ஒருவர். நிலத்தை அளக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது வருவாய்த் துறையினருடையது. வேலியைப் பிடுங்கும் அதிகாரமும் இல்லை. அது மாநகராட்சிக்கும் ஹைட்ராவுக்கும் உரியது. தீர்ப்புக் கூறுவது நீதிமன்றம்.

அப்படியாயின் சட்டசபை உறுப்பினரால் ஆவது என்ன? சபையில் கேள்வி எழுப்பலாம். அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும். அப்பதில் சபைக் குறிப்பில் நிலைத்துவிடும். மேட்சல் - மல்காஜ்கிரி மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதலாம். தனிமனிதரின் மனு மேசை மேசையாக அலையும்போது, உறுப்பினரின் கடிதம் நேராக மேலே போகும். தொகுதி வளர்ச்சி நிதியிலிருந்து பூங்காவுக்குச் சுற்றுச்சுவரும் நடைபாதையும் அமைக்கப் பரிந்துரைக்கலாம். பாராளுமன்ற உறுப்பினருக்கும் இவ்வாறே 1993ஆம் ஆண்டு முதல் ஒரு நிதி உண்டு. 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என அது உயர்த்தப்பட்டது. இவை யாவற்றினும் மேலாக, அதிகாரிகளைத் தலத்துக்கே அழைத்துவந்து மக்கள் முன்னிலையில் நிறுத்தலாம். பத்துக் கடிதங்கள் செய்யாததை, வெயிலில் நிற்கும் ஒரு மணி நேரம் செய்துவிடும்.

இவற்றைச் செய்வதற்கு உறுப்பினருக்கு வேண்டியது ஆதாரமும் ஆள்பலமும். ஆக்கிரமிப்பவர் பெரும்பாலும் செல்வாக்குள்ளவர்; உறுப்பினரின் வாயிலுக்கு முதலில் வருபவரும் அவரே. நாம் போகாவிட்டால், உறுப்பினரின் காதில் விழுவது ஒரு பக்கக் கதையாகவே இருக்கும். நல்ல பிரதிநிதி கிடைக்கவில்லை என்று குறைப்படுமுன், நாம் அவருக்கு நல்ல தொகுதியாக இருந்தோமா என்று கேட்டுக்கொள்வது நன்று.

நம் கையில் உள்ள கருவிகள்

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் உணர வேண்டும். மனைப்பிரிவில் பூங்காவுக்கென விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று, பெங்களூர் வழக்கொன்றில் 1991ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் அக்கம்பக்கத்துக் குடியிருப்போரே. குளம் குட்டைகளைத் தனியாருக்கு ஒதுக்கலாகாது என 2001ஆம் ஆண்டில் மற்றொரு தீர்ப்பு வந்தது. 2011 ஜனவரி 28ஆம் நாள் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்பாளரை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் அந்நீதிமன்றம் ஆணையிட்டது. நெடுங்காலம் ஆக்கிரமித்திருந்தோம் என்பதும், பெருஞ்செலவு செய்து கட்டினோம் என்பதும் சாக்காகா என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இனி நாம் செய்யத்தக்கவை சில. முதலாவது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பத்து ஆண்டுகளாக ஹப்சிகுடாவில் இருந்துகொண்டு வாக்கை மட்டும் தஞ்சாவூரில் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். இடம் மாறியோருக்குப் படிவம் 8. புதிதாகச் சேர்வோருக்குப் படிவம் 6. பட்டியலில் பெயர் இல்லாதவர் மனுக் கொடுத்தாலும் கொடுக்கலாம். ஆனால் வாக்காளரின் மனுவுக்கு எடை வேறு.

இரண்டாவது, நம் வீதியிலுள்ள பூங்கா, நாலா, காலி மனை ஆகியவற்றின் உண்மையான அளவு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை மாநகராட்சியிலோ பெருநகர வளர்ச்சி ஆணையத்திலோ கேட்டுப் பெறலாம். கொடுக்கத் தாமதித்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. நம்மில் நிலநடுக்கத்தை அளக்கும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். உயிரணுவின் உள்ளே புகுந்து ஆராய்வோரும் இருக்கிறார்கள். தெருமுனைப் பூங்காவை நாடா கொண்டு அளக்க நம்மால் ஆகாதா?

மூன்றாவது, மனுவைத் தனியாக எடுத்துச் செல்லாமல், தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரோடும் உருது பேசும் கடைக்காரரோடும் சேர்ந்து எடுத்துச் செல்ல வேண்டும். பூங்காவுக்கு மொழி இல்லை. 2025 ஜனவரி முதல் ஹைட்ரா தனது அலுவலகமான புத்த பவனில் திங்கட்கிழமைதோறும் 'பிரஜாவாணி' என்ற பெயரில் மக்களின் முறையீடுகளைக் கேட்கத் தொடங்கியது. மனுவின் ஒரு படி அங்கே போகட்டும். ஒரு படி ஆட்சியருக்கு. ஒரு படி சட்டசபை உறுப்பினருக்கு. ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத மனு, கரை இல்லாத குளம்.

நான்காவது, வீடோ மனையோ வாங்கும்போது விலையைக் கேட்குமுன் ஏரியைக் கேளுங்கள். ஏரியின் முழு நீர்மட்ட எல்லை எதுவரை, அதையொட்டிக் கட்டடம் கூடாதென ஒதுக்கிய காப்பு எல்லை எதுவரை என்று பாருங்கள். கோடையில் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து ஏரியின் நடுவே வீடு வாங்கிவிட்டுப் பின்னர் விற்றவரைத் தேடி அலைந்த குடும்பங்களை இந்நகரம் கண்டிருக்கிறது.

நமக்கும் ஒரு கரை

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலையில், மேற்சொன்ன கொலுப் பொம்மை அன்பரோடு பதுகம்மா குண்டாவைக் காணச் சென்றிருந்தேன். கரையிலே நடைபாதை, முதியவர்கள் நடந்துகொண்டிருந்தனர், குழந்தைகள் ஊஞ்சலுக்குப் போட்டியிட்டுக் கொண்டிருந்தனர். அன்பர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நீரையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, இந்தத் தண்ணீர் இங்கேயே இருந்தால், அது யார் வீட்டுக்குள்ளும் போகாதல்லவா?" என்றார். பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

ஹப்சிகுடா என்ற பெயரே, நிஜாம் ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே தங்கிய ஹப்ஷிகளால் வந்தது என்பர். அவர்களும் பிழைக்க வந்தவர்களே. ஊர் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. வந்தவர் யார், இருந்தவர் யார் என்று நீர் பார்ப்பதில்லை. வெள்ளம் வந்த இரவில் அது நம் வாயிலையும் அண்டை வீட்டார் வாயிலையும் ஒருங்கே தட்டியது. ஆகவே இவ்வூரின் குளத்திலும் பூங்காவிலும் நமக்குப் பங்கு உண்டு. பங்கு உள்ள இடத்தில் கடமையும் உண்டு.

பதவி போன பின்னும் ஒரு குளத்தை மறவாத மூத்த பிரதிநிதி ஒருவரைக் கண்டோம். பதவியில் இருக்கும் நம் பிரதிநிதியிடம் ஒரு பூங்காவுக்காகவேனும் போய்ப் பேசும் தொகுதி மக்களாக நாம் இருப்போமாக. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் அன்பர்கள், தத்தம் வீதியின் மனைப்பிரிவு வரைபடத்தில் ஒரு படி கொண்டுவந்தால், அதனையே நமது முதல் வேலையாகக் கொள்ளலாம்.